வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் எட்டு பாட்டில் ஈக்களும்

எங்கள் பரம்பரையில் ஈயை விரட்டாமல் வளர்த்த முதல் ஆள் நான்தான்.

வில்லியனூர் கடைத்தெருவில் அப்பாவுக்கு வெல்லக் கடை. கரையாம்புத்தூர் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வெல்லம் வந்து இறங்கும். முன்பக்கம் வாழைத்தார்கள் தொங்கும். வெல்லமும் வாழைப்பழமும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தால் மூன்றாவதாக அங்கே யார் குடியேறுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தாத்தா ஓலை விசிறியால் விரட்டினார். அப்பா தோள்துண்டால் விரட்டினார். மூன்றாம் தலைமுறையான என்னைச் செலவு பண்ணிப் படிக்க வைத்தார்கள். நான் படித்து முடித்து எதிரி பக்கம் சேர்ந்துவிட்டேன்.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கைமாற்றிக் கொடுத்த பிறகு வந்த மூன்றாவது கோடை அது. பட்டணத்தில் ஒரு கல்லூரியில் தவளை அறுத்துக் காட்டுகிற உதவியாளனாக இருந்தேன். கூட வேலை பார்த்த ஒரு பிரெஞ்சுக்காரர் கப்பலேறும்போது மேசை, நாற்காலி, குடை எல்லாவற்றையும் விற்றுவிட்டு, ஒருத்தரும் விலைக்குக் கேட்காத ஒன்றை என் கையில் கொடுத்தார். பஞ்சு அடைத்த மூன்று பால் பாட்டில்கள். உள்ளே பழ ஈக்கள். "சாக விட்டுவிடாதே" என்றார். இன்னும் நிறையச் சொன்னார். என் பிரெஞ்சுக்கு எட்டியது அவ்வளவுதான்.

பழம் கனிந்து கறுத்தால் மேலே எள்ளு எள்ளாக மொய்க்குமே, சிவந்த கண்ணோடு, அதே ஜாதிதான். ஆனால் இந்தக் குடும்பத்துக்கு ஒரு பூர்வீகச் சொத்து உண்டு. புழுவாக இருக்கும்போதே உடம்புக்குள் கறுப்பாக ஒரு கட்டி வந்துவிடும். சிலதுக்கு இரண்டு. அப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு. மனிதர்களுக்குப் புற்று எப்படி ஆரம்பிக்கிறது என்பதை மனிதனை வைத்துப் பார்ப்பது கஷ்டம். அவன் அப்பாவாகவே இருபது வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்வான், பாட்டிலிலும் அடங்கமாட்டான். ஈ பத்து நாளில் அப்பா, இருபது நாளில் தாத்தா. சாப்பாட்டை மாற்றினால், வெயிலை மாற்றினால் கட்டி கூடுகிறதா குறைகிறதா என்று எண்ணிப் பார்க்கலாம். எண்ணுவதுதான் என் ஆராய்ச்சி. அந்தக் கறுப்புக் கட்டியும் மனிதப் புற்றும் ஒன்றில்லை என்று பிற்காலத்தில் தெரிந்தது. வேறு ஈக்களில் நிஜமான புற்றையே கண்டுபிடித்து, இன்று உலகமெங்கும் அந்த எள்ளளவு பிராணியை நம்பிப் பெரிய பெரிய ஆராய்ச்சிகள் நடக்கின்றன. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், உள்ளே கட்டி, வெளியே பஞ்சு.

அப்பாவுக்கு இதை வாடிக்கைக்காரர்களிடம் சொல்வதில்தான் சங்கடம்.

"உம்ம புள்ள பட்டணத்துல இன்னா வேலை பாக்குது?"

"ஆராய்ச்சி."

"எத்த ஆராய்ச்சி பண்ணுது?"

அப்பா தராசுத் தட்டை இரண்டு தடவை துடைப்பார். "ஈயை."

"அட, அதுக்கு எதுக்குய்யா பட்டணம் போவணும்? உங்கடையில இல்லாத ஈயா?"

கத்திரி வெயிலில் கல்லூரியை மூடினார்கள். என் அறைக்குத் தகரக் கூரை. அந்தச் சூட்டில் ஈ முட்டை போடாது, நானும் போடமாட்டேன் என்கிற நிலைமை. எனவே மூன்று பாட்டில் எட்டாகப் பெருகியிருந்த குடும்பத்தை ஒரு கூடையில் வைத்து, ஈரத் துணி போர்த்தி, வில்லியனூர் பஸ்ஸில் ஏறினேன். மூலக்குளம் தாண்டுவதற்குள் பக்கத்துச் சீட்டுக்காரர் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"இன்னா தம்பி, ஈயா?"

"ஆமாங்க. பிரான்ஸ் ஈ."

"ஓகோ, அவுங்க போயிட்டாங்க, இதுங்க மட்டும் போவலையா?" என்று மறுபடி மூடினார்.

கடைக்குப் பின்னால் இருந்த சரக்கு அறை குளிர்ச்சியானது. அகலத் தட்டில் ஆற்று மணலைக் கொட்டி நனைத்து, அதில் எட்டு பாட்டில்களையும் புதைத்து வைத்தேன். அம்மா ரவையும் வெல்லமும் போட்டுக் களி கிண்டிக் கொடுத்தாள். "பத்தியச் சோறு மாதிரி இருக்குதே, நெய் உட்டுக்குவாங்களா?" என்று கேட்டாள். நெய் வேண்டாம், கள் வேண்டும் என்றேன். கள்ளின் அடிக்கசடுதான் அந்தக் களியைப் புளிக்க வைக்கும். புளித்தால்தான் ஈக்குப் பசிக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் மதராஸ் ராஜ்ஜியத்தில் மதுவிலக்கு. நம் பக்கம் தாராளம். காலை ஏழு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையும் கையில் கிண்ணமுமாகக் கள்ளுக்கடை வாசலில் நின்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பிரெஞ்சு மரியாதையில் கூப்பிட்டார்.

"முசே, படிச்சவரு நீங்க. மேலாப்புல நல்ல சரக்கு இருக்குது. கசடுதான் வேணுமா?"

"கசடு போதும். நமக்கில்ல, வூட்டுல ஈ இருக்குது, அதுங்களுக்கு."

கடைக்குள் இருந்தவர்கள் எழுந்தே வந்து என்னைப் பார்த்தார்கள். அவர்கள் குடித்துவிட்டு வீட்டில் சொன்ன எந்தச் சாக்கும் இதற்குப் பக்கத்தில் வராது.

அன்று மாலை அப்பா சரக்கு அறைக்கு வந்தார். லென்சைக் கொடுத்து ஒரு புழுவைக் காட்டினேன். அரிசி நொய் அளவு வெள்ளைப் புழு, அதற்குள் கறுப்பாக ஒரு புள்ளி. அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "வலிக்குமா இதுக்கு?" என்றார். தெரியாது என்றேன். லென்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போனார். அன்று இரவுச் சாப்பாட்டிலும் பேசவில்லை. என் ஆராய்ச்சியின் மகிமையில் வாயடைத்துப் போனார் என்று நினைத்து நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அம்மா தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "ஈ வயித்துல கட்டி இருக்குதான்னு கண்ணாடி வெச்சித் தேடறியே, உங்கப்பா பிடரியில எலுமிச்சங்கா மாதிரி ஒண்ணு இருக்குதே, அது தெரியலையா உனக்கு?"

எனக்குத் தெரியவில்லை. இதை மழுப்ப வழியில்லை. கடுகைவிடச் சின்னக் கட்டியை எண்ணி ஆராய்ச்சி பண்ணுகிறவன் நான். அப்பா எந்நேரமும், சாப்பிடும்போதுகூட, துண்டைப் பிடரியோடு சேர்த்துப் போட்டிருந்ததைப் பார்த்து, "ஈ விரட்ட வசதியாக வைத்திருக்கிறார்" என்று விஞ்ஞானபூர்வமாக முடிவு கட்டியிருந்தேன்.

"எவ்ளோ நாளாம்மா?"

"ஏழெட்டு வருசம் இருக்கும். இப்ப ரெண்டு வருசமாத்தான் பெருசாவுது. ஆஸ்பத்திரின்னு வாயத் தொறந்தா அன்னிக்குக் கடைய வுட்டு வூட்டுக்கே வர மாட்டாரு."

நான் போய்க் கேட்டேன். அப்பா வெல்ல உருண்டைகளை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார். "கத்தி படாத வரைக்கும் அது வெறும் கட்டிடா. கத்தி பட்டா அது புத்தாயிடும். அறுத்தவன்லாம் போய்ச் சேந்துட்டான்."

"அறுக்காம போனவங்க?"

"போடா, போயி உன் ஈயைப் பாரு."

ஈயை வைத்தே அவரை வழிக்குக் கொண்டுவரலாம் என்று எனக்கு ஒரு யோசனை. கட்டி உள்ள ஈ பறக்கிறது, முட்டை போடுகிறது, நன்றாக வாழ்கிறது என்று காட்டினால் அவருடைய பயம் தெளியும், பயம் தெளிந்தால் டாக்டரிடம் வருவார். பறக்கிற ஈயின் வயிற்றைப் பார்க்க முடியாது. எனவே ஈதர் காட்டி மயங்க வைத்து, வெள்ளைக் காகிதத்தில் கொட்டி, அப்பாவை அழைத்தேன்.

"பாருங்க. இந்த ஈக்குக் கட்டி இருக்குது. நல்லா இருக்குது."

அப்பா குனிந்து பார்த்தார். ஈ கால்களை மேலே தூக்கிக்கொண்டு மல்லாக்கக் கிடந்தது.

"இதுவாடா நல்லா இருக்குது?"

"மயக்கம் போட்டு வெச்சிருக்கேன். அஞ்சு நிமிஷத்துல எழுந்திரிக்கும்."

எழுந்தது. எழுந்தவுடன் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிட்டது. எது கட்டிக்காரர், எது இல்லாதவர் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. அப்பா நிமிர்ந்தார். "இந்த வித்தைலாம் எங்கிட்ட வேணாம். கட்டி இருக்கிற புழுவை எங்கையில குடு. அது எங்கண்ணு முன்னால ஈயாவட்டும், ரெக்கை முளைச்சிப் பறக்கட்டும். அன்னிக்கு நீ கூப்புடற எடத்துக்கு வரேன்."

ஈயின் கட்டி வேறு, உங்கள் கட்டி வேறு, அது பறந்தால் உங்களுக்கு ஒன்றும் நிரூபணமாகாது என்று நேர்மையாகச் சொன்னேன். "தெரியும்டா. வெல்ல யாவாரின்னா மூளை இல்லாதவன்னு நெனைச்சியா? ஆனா நான் பாக்கணும்" என்றார்.

அன்று புதன்கிழமை. சிக்கல் என்னவென்றால், அன்று காலைதான் வளர்ந்த ஈக்களை எல்லாம் புதுக் களி போட்ட வேறு எட்டு பாட்டில்களுக்கு மாற்றியிருந்தேன். பழைய பாட்டில்களைப் புழுவோடு பத்திரமாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். புதியது கெட்டால் பழையது காக்கும். அடுத்த முறை மாற்றப் பாட்டில் போதாது என்று, நான் பழையதையெல்லாம் கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். ஆகவே புழு வேண்டுமென்றால் புது முட்டை பொரிந்து வளரும் வரை காத்திருக்க வேண்டும். "ஒரு வாரம் பொறுங்க" என்றேன். அப்பா பொறுத்தார். பொறுத்தது மட்டுமா, காலையும் மாலையும் சரக்கு அறைக்குப் போய் மணலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளி மாலை விளக்கு வைக்கிற நேரத்தில் கடைக்குச் சாம்பிராணி போடுவது எங்கள் வழக்கம். வழக்கம் என்றால் சும்மா இல்லை. கல்லாப்பெட்டிக்குக் காட்டவேண்டும். திறந்து உள்ளேயும் காட்டவேண்டும். தராசுக்கு, ஒவ்வொரு படிக்கல்லுக்கு, மூட்டைகளுக்கு, வாழைத்தாருக்கு, தொங்குகிற கயிற்றுக்கு. ஒன்றை விட்டுவிட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்பது அப்பாவின் நம்பிக்கை. அன்று நான் பட்டணம் போய் ஈதர் வாங்கிக்கொண்டு திரும்பினேன். தெருமுனையிலேயே மணம் வந்தது. சரக்கு அறைக்குள் புகை மேகமாக நின்றது. மேகத்தின் நடுவில் அப்பா தூபக்காலோடு நின்றார். எட்டு பாட்டில்களின் பஞ்சும் வரிசையாக மணலில் எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

"வாடா" என்றார் சந்தோஷமாக. "எல்லாத்துக்கும் காட்டறோம், இதுங்களை மட்டும் எப்படி வுடறது? பஞ்சை எடுத்துட்டு ஒவ்வொண்ணுக்கும் நல்லா உள்ள போற மாதிரி காட்டினேன். சாமி காப்பாத்தும்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். கொஞ்சம் ஈ பறந்து தப்பித்து வெளியே வாழைத்தாரில் உள்ளூர் உறவுகளோடு கலந்துவிட்டது. மிச்சம் களியின் மேல் எள்ளைத் தூவியதுபோல் கிடந்தது. ஊதிப் பார்த்தேன். விசிறிப் பார்த்தேன். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தேன். தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பம் ஈயோடு நடத்திய யுத்தத்தில் இவ்வளவு பெரிய வெற்றி கிடைத்ததே இல்லை.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "மயக்கந்தான, அஞ்சு நிமிஷத்துல எழுந்திரிக்கும்னியே?"

"இது எழுந்திரிக்காதுப்பா."

தூபக்காலைக் கீழே வைத்துவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். துண்டைப் பிடரியில் இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் காட்டினேன் சாமிக்கு. அது திருப்பிக் காட்டிடுச்சி எனக்கு. கட்டி வந்தா இதான்னு. இனிமே ஆஸ்பத்திரிப் பேச்சு எடுக்காத."

அம்மா வாசல்படியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரண்டு தலைமுறை முட்டாள்களும் அடக்கம். அப்பா செய்தது பாதிதான். பழைய பாட்டிலை நான் கழுவாமல் இருந்திருந்தால் இந்தப் புகை வெறும் புகை.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. புதன் முதல் வெள்ளி வரை அந்த ஈக்கள் களிக்குள் முட்டை போட்டிருக்கும். புகை களிக்குள் போயிருக்காது. போயிருக்காது என்று நினைத்தேன், தெரியாது. அப்பாவிடம் சொன்னேன். அவர் காதில் விழாதவர்போல் இருந்தார். ஆனால் சனிக்கிழமை காலை மணலுக்குத் தண்ணீர் தெளித்திருந்தது. நான் தெளிக்கவில்லை.

ஞாயிறு ஒன்றுமில்லை. திங்களும் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். மத்தியானம் அம்மா வந்து, "ஏண்டா, அந்த மூணாவது பாட்டில்ல களி நெளியுதே, கெட்டுப் போச்சா?" என்றாள். எழுந்து ஓடியதில் வெல்லப் பானையில் இடித்துக்கொண்டேன். களி கெடவில்லை. களிக்குள் மயிரிழை மாதிரி புழுக்கள். செவ்வாய்க்கிழமை ஆறு பாட்டிலில் இருந்தது. புதன்கிழமை அவை அரிசி நொய் அளவுக்கு வளர்ந்து கண்ணாடிச் சுவரில் ஏறின. பாதிக்கு மேல் கறுப்புக் கட்டி. என் வாழ்நாளில் யாருக்கோ கட்டி வந்ததற்கு நான் குதித்தது அன்று ஒரு நாள்தான்.

கட்டியுள்ள மூன்று புழுக்களைப் பொறுக்கி, கொஞ்சம் களியோடு சின்ன மருந்துக் குப்பியில் போட்டு, பஞ்சு அடைத்து, அப்பாவின் கல்லாப்பெட்டிமேல் வைத்தேன். அவர் வியாபாரத்துக்கு நடுவே குப்பியை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். வெல்லம் வாங்க வந்த ஒரு அம்மாள், "கண்ணுக்கு மருந்தா அண்ணே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, அப்படித்தான்னு வெச்சிக்கயேன்" என்றார்.

அடுத்த வெள்ளிக்குள் மூன்றும் கூடு கட்டிப் பழுப்பாக, அசைவில்லாமல் ஒட்டிக்கொண்டன. அப்பாவுக்குக் கலக்கம். "செத்துடுச்சா?" இல்லை, உள்ளே ரெக்கை முளைக்கிறது என்றேன். மாலை சாம்பிராணி நேரம். போடாமலும் இருக்க முடியாது. போடுவதற்கும் பயம். கடைசியில் அப்பா ஒரு ஏற்பாடு செய்தார். எட்டு பாட்டில்களும் கூடையில் ஏறின. அம்மா ஒரு கையில் கூடையும் மறு கையில் குப்பியுமாக எதிர்வரிசைக் கடையோரம் போய் நிற்க வேண்டும். புகை அடங்கியதும் திரும்பி வர வேண்டும்.

"நாப்பது வருசமா குடும்பம் நடத்தறேன்," என்றாள் அம்மா தெருவில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர் காது கேட்க, "ஒரு நாளு புகை அடிக்குது, தள்ளி நில்லுடின்னு சொன்னாரா? ஈக்குச் சொல்றாரு!"

ஞாயிற்றுக்கிழமை காலை கடையில் கூட்டமில்லை. அப்பா கல்லாவிலிருந்து கூப்பிட்ட குரலைக் கேட்டு ஏதோ நெருப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"டேய்! வாடா! வெளிய வருதுடா!"

கூட்டின் முனை திறந்து ஒரு ஈ நெளிந்து வந்துகொண்டிருந்தது. பிறந்த ஈ நாம் பார்க்கிற ஈ மாதிரி இருக்காது. வெளுத்து, நீண்டு, ரெக்கை கசங்கிய துணி மாதிரி சுருண்டிருக்கும். உடம்பு கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். அந்த வெளுத்த வயிற்றுக்குள் கறுப்பாக, பளிச்சென்று, கட்டி. ஈதரும் வேண்டாம், என் வித்தையும் வேண்டாம். அப்பா லென்சைக் கண்ணில் ஒட்டிக்கொண்டார். பாக்கு வாங்க வந்தவர் நின்று பார்த்தார். நிற்கட்டும் என்று அப்பா விட்டுவிட்டார். ஈ சுவரில் ஏறியது. வழுக்கியது. மறுபடி ஏறியது. ரெக்கையை மெல்ல விரித்து, கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

"மூஞ்சி கழுவுதுடா" என்றார் அப்பா கிசுகிசுப்பாக.

சாப்பாட்டு நேரத்துக்குள் அது குப்பிக்குள் பறந்தது. பத்து தரம் பறந்திருக்கும். அப்பா பத்தையும் பார்த்தார். பிறகு துண்டைக் கழற்றி, வியர்த்த முகத்தைத் துடைத்து, மடியில் போட்டுக்கொண்டார். அவர் பிடரியை நான் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தது அப்போதுதான்.

"நாளைக்கு எத்தனை மணி பஸ்ஸு?" என்றார்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கட்டியை இப்படியும் அப்படியும் அசைத்து, அழுத்திப் பார்த்தார்.

"எத்தனை வருஷமாங்க இருக்கு?"

"ஏழெட்டு வருசமா."

"இவ்வளவு நாள் வராம இப்ப எப்படி வந்தீங்க?"

"ஒரு ஈ வரச் சொல்லிச்சிங்க" என்றார் அப்பா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இது அனேகமாக வெறும் கொழுப்புக் கட்டிதான், எதற்கும் எடுத்துப் பரிசோதனை செய்துவிடலாம் என்றார். மரத்துப்போக ஊசி போட்டு அரைமணியில் எடுத்துவிட்டார். அந்த அரைமணியும் வெளியே நான் நின்ற லட்சணத்தைப் பார்த்து, நர்ஸ் எனக்குத்தான் ஆபரேஷன் என்று நினைத்து உட்காரச் சொன்னாள். மறுவாரம் பதில் வந்தது. கொழுப்புதான். வேறொன்றுமில்லை.

அப்பாவுக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட. "வெறும் கொழுப்பா? இதுக்காடா ஏழு வருசம் பயந்தேன்?"

"இதைக் கண்ணாலம் கட்டின அன்னிக்கே நான் சொல்லியிருப்பேன்" என்றாள் அம்மா.

கல்லூரி திறக்கும் வரை எட்டு பாட்டில்களும் எங்கள் கடையில்தான் இருந்தன. அதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா வழக்கம்போல் தூபக்காலை எடுத்தார். கல்லாவுக்குக் காட்டினார், தராசுக்குக் காட்டினார், கயிற்றுக்குக்கூடக் காட்டினார். சரக்கு அறை வாசலுக்கு வந்ததும் நின்றார். தூபக்காலை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனார். இப்போது கழுத்தை மறைக்க வேண்டியிராத தோள்துண்டை நனைத்துப் பிழிந்து, எட்டு பாட்டில்களின் மேலும் இழுத்துப் போர்த்திவிட்டு வந்து, "ம், இப்ப வா" என்று புகையைக் கூப்பிட்டார்.